பிணைப்பும் விடுவிப்பும்: கப்பலின் சிறுபடகு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கப்பலோட்டத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பெருங்கலங்களைப் பற்றியே எழுதியுள்ளனர். பாய்களின் பரப்பும், பீரங்கிகளின் தொகையும், நீராவி இயந்திரத்தின் வலுவும் அவர்தம் கவனத்தை ஈர்த்தன. அப்பெருங்கலங்கள் தம்முடன் கொண்டு சென்ற சிறுபடகுகளோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஆயினும், துறைமுகமற்ற கரைகளில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குக் குடிநீரும் விறகும் கொணர்ந்தது சிறுபடகே. தரைதட்டிய கப்பலை மீட்பதற்கு நங்கூரத்தைத் தொலைவிற் கொண்டுசென்று இட்டதும் அதுவே. கப்பல் மூழ்குங்காலை மாந்தர்க்கு இறுதிப் புகலாயதும் அதுவே.

இக்காலத்து உல்லாசப் படகுகள் பலவற்றின் பின்புறத்தில், நீர்மட்டத்தையொட்டி ஒரு மேடை அமைந்திருக்கும். கடலில் இறங்கி நீராடுவதற்கும் மீள ஏறுவதற்கும் ஏற்பட்ட அம்மேடையிலேயே சிறுபடகையும் ஏற்றிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அச்சிறுபடகினை ஆங்கிலத்தில் ‘டிங்கி’ என்பர். இச்சொல் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்ததாகும். நம்மவரின் ‘கட்டுமரம்’ உலகமெங்கும் ‘கற்றமரான்’ ஆகியது போல, வங்கத்து ஆறுகளில் ஓடிய சிறு தோணியின் பெயரும் கடல் கடந்தது.

சிறுபடகைத் தாய்க்கலத்துடன் எவ்வாறு பிணைப்பது என்பது முதல் நோக்கில் எளிய வினாவாகவே தோன்றும். உண்மையில் அதனுள் ஒன்றுக்கொன்று முரணான இரு தேவைகள் அடங்கியுள்ளன. கடல் பறித்துச் செல்லாவண்ணம் படகு இறுகப் பிணைக்கப்படல் வேண்டும். வேண்டிய கணத்தில் அது தடையின்றி விடுபடவும் வேண்டும். முன்னதை மிகுவித்தால் பின்னதற்குக் கேடு நேரும். பின்னதை மிகுவித்தால் முன்னதற்குக் கேடு நேரும். இம்முரணை மாலுமிகளும் பொறியியலாளரும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும், தவறியவிடத்துச் செலுத்திய விலை யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

இழுத்துச் செல்லலும் ஏற்றி வைத்தலும்

17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கப்பல்கள் தம் பெரும்படகைப் பெரும்பாலும் கயிற்றிற் கட்டிப் பின்னால் இழுத்துச் சென்றன. மேற்றளத்தில் ஏற்றுவதற்கு அது மிகப் பெரிதாயிருந்தமையே காரணம். அமைதியான கடலில் இம்முறை வசதியானதே. புயலிலோ நிலைமை வேறாகியது. அலையேறி நீர் நிரம்பிய படகு கப்பலின் வேகத்தைத் தடுத்தது; கயிற்றை அறுத்துக்கொண்டு சென்றது; சிலவேளை கப்பலின் பின்புறத்திலேயே வந்து மோதியது. புயலிற் படகை இழத்தல் அக்காலத்தில் அரிதான நிகழ்ச்சியன்று.

18ஆம் நூற்றாண்டில் படகுகளை மேற்றளத்தின் நடுவே, மேலதிகமாகக் கொண்டு செல்லப்பட்ட மரங்களின் மீது ஏற்றி வைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. பிணைப்பு என்ற வகையில் இது சிறந்த முறையே. ஆனால் படகை மீண்டும் நீரில் இறக்குவதற்குப் பாய்மரங்களிலும் பாய்தாங்கும் குறுக்குமரங்களிலும் கப்பிகளைப் பூட்டிப் பலர் ஒருங்கே கயிறிழுக்க வேண்டியிருந்தது. பாய்மரம் முறிந்த கப்பலிலோ, ஆள்வலு குன்றிய கப்பலிலோ அப்படகு இருந்தும் இல்லாததே.

அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் கப்பலின் பக்கங்களிலும் பின்புறத்திலும் வெளிநோக்கி நீண்ட தாங்குகைகள் பொருத்தப்படலாயின. ‘டேவிற்’ எனப்படும் இக்கைகள் இரண்டிலிருந்து, முன்னும் பின்னுமாக இரு கயிறுகளிற் படகு தொங்கியது. கடலில் வீழ்ந்த ஒருவனைக் காப்பாற்றச் சில நிமிடங்களிற் படகிறக்குதல் இதனாற் கைகூடியது. ஆயின் புதியதோர் இடர் தோன்றிற்று. இரு கயிறுகளும் ஒரே அளவில் தளர்த்தப்படல் வேண்டும். படகு நீரைத் தொட்டதும் ஏறத்தாழ ஒரே வேளையில் இரண்டும் கழற்றப்படல் வேண்டும். ஒரு முனை முந்தினால் படகு செங்குத்தாகத் தொங்கும். அதிலிருப்போர் கடலில் வீழ்வர். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து இறக்கும்போது முன்கயிறு முதலிற் கழன்றால், படகு குறுக்காகத் திரும்பிக் கவிழும்.

1852ஆம் ஆண்டு தந்த பாடம்

இவ்விடர் எத்துணைக் கொடிது என்பதை 1852ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களில் நிகழ்ந்த இரு விபத்துக்கள் புலப்படுத்தின. ‘அமேசன்’ என்னும் புதிய நீராவிக் கப்பல் சனவரி 2ஆந் திகதி சவுதாம்ரன் துறையிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளை நோக்கித் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. 4ஆந் திகதி அதிகாலையில் அது தீப்பற்றியது. இயந்திர அறையைத் தீ சூழ்ந்தமையால் இயந்திரத்தை நிறுத்த எவராலும் இயலவில்லை. எரிந்துகொண்டே கப்பல் ஓடியது. அதன் படகுகள், கீழிருந்து தாங்கும் இரும்புத் தாங்கிகளிற் பொருத்தப்பட்டிருந்தன. முதலிற் படகை மேலே உயர்த்தி அத்தாங்கிகளிலிருந்து விடுவித்த பின்னரே வெளியே தள்ளி இறக்கலாம். கடலின் அசைவிற் படகு ஆடாதிருக்கச் செய்த ஏற்பாடே, தீயின் நடுவே அதனை இறக்கவிடாத தடையாயிற்று. இறக்கப்பட்ட படகுகளிலும் சில ஒரு முனையில் தொங்கி, ஏறியிருந்தோரைக் கடலிற் கொட்டின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயண நூலாசிரியரான எலியற் வோபேட்டனும் அவர்களுள் ஒருவர்.

அடுத்த மாதம் 26ஆந் திகதி, படையினரை ஏற்றிச் சென்ற ‘பேக்கன்ஹெட்’ கப்பல் தென்னாபிரிக்கக் கரையோரத்திற் பாறையில் மோதியது. பெண்களும் பிள்ளைகளும் படகேறிச் செல்ல, படைவீரர் அணிகலையாது தளத்தில் நின்ற செய்தி உலகப் புகழ் பெற்றது. சிறு பராயத்திற் பாடநூல்களில் அதனைப் படித்தோர் பலர். ஆனால் அப்பாடநூல்கள் கூறாது விட்ட செய்தியொன்று உண்டு. பேக்கன்ஹெட்டிற் போதிய பராமரிப்பின்மையாலும், மேலுக்கு மேல் பூசப்பட்ட நிறப்பூச்சினாலும் இறக்கு பொறிகள் இறுகிப்போயிருந்தன. நூற்றைம்பது பேரளவில் ஏறத்தக்க பெரும்படகுகள் இரண்டில் ஒன்று நீர் நிரம்பி அமிழ்ந்தது. மற்றதனை இறக்கவே முடியவில்லை. சிறிய படகுகள் மூன்றே பயன்பட்டன. கப்பலிலிருந்த ஏறத்தாழ 640 பேரில் உயிர் தப்பியோர் 193 பேர்.

வீரர்களின் அஞ்சாமையைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. எனினும், தியாகத்தைப் போற்றும் ஆரவாரத்தில் அத்தியாகத்தை வேண்டியதாக்கிய கவலையீனம் மறைந்துவிடுகின்றது என்பதை வரலாற்று மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். அப்படகுகள் இறங்கியிருப்பின், அணிவகுத்து நின்ற பலர் வீடு திரும்பியிருப்பர்.

இவ்விபத்துக்களையடுத்த ஆண்டுகளிலேயே சார்ள்ஸ் கிளிபேட் என்பவரின் இறக்கு முறை கவனம் பெற்றது. படகினுள் இருக்கும் ஒருவனே இரு முனைகளையும் சமமாகத் தளர்த்தி, ஒரே வேளையில் விடுவிக்கத்தக்கதாக அஃது அமைந்தது. கட்டப்படும் பொருளினுள் இருப்பவனிடமே அவிழ்க்கும் அதிகாரத்தை ஒப்படைத்தமை இதன் சிறப்பாகும்.

தொகையும் தகைமையும்

1912 ஏப்பிரலில் மூழ்கிய ‘டைட்டானிக்’ பற்றி எழுதுவோர் படகுகளின் தொகைக் குறைவையே வற்புறுத்துவர். 20 படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. கப்பலிலோ 2,200 பேருக்கு மேலிருந்தனர். 10,000 தொன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே அளவை விதித்த 1894ஆம் ஆண்டின் விதி, 46,000 தொன் கப்பலுக்கும் அவ்வாறே செல்லுபடியாயிற்று. இது யாவரும் அறிந்ததே. ஆனால் இருந்த படகுகளின் கதையும் நோக்கற்பாலது. மடக்குப் படகுகள் இரண்டு, இறக்குவதற்குத் தக்க சாதனமின்றி அதிகாரிகளின் அறைகளுக்கு மேலே கூரையிற் கட்டப்பட்டிருந்தன. அவ்விரண்டையும் முறைப்படி இறக்க நேரம் கிட்டவில்லை. ஒன்று கவிழ்ந்தபடியும் மற்றது நீர் நிரம்பியபடியும் கடலில் மிதந்து சென்றன. 13ஆம் இலக்கப் படகு நீரைத் தொட்ட பின்னரும் அதன் கயிறுகள் கழலவில்லை. 15ஆம் இலக்கப் படகு அதன் தலைக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. இறுதிக் கணத்திற் கத்தியாற் கயிறறுத்தே உள்ளிருந்தோர் தப்பினர்.

1914 சனவரியில் இலண்டனில் நிறைவேறிய கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பலிலுள்ள யாவர்க்கும் படகில் இடம் வேண்டுமென வலியுறுத்தியது. போர் குறுக்கிட்டமையால் அது முறையாக நடைமுறைக்கு வரவில்லை. தொகை மட்டும் போதாதென்பதை 1915 மே 7ஆந் திகதி ‘லூசித்தானியா’ உணர்த்தியது. அக்கப்பலில் 48 படகுகள் இருந்தன. குண்டுபட்டுச் சாய்ந்த கப்பலின் ஒரு பக்கத்துப் படகுகள் எட்டாத் தொலைவிற்கு வெளியே ஊசலாடின. மறுபக்கத்துப் படகுகள் கப்பலின் மீதே சரிந்தன. 18 நிமிடங்களுள் கப்பல் அமிழ்ந்தது. நல்ல முறையில் விலகிச் சென்ற படகுகள் 6 மாத்திரமே.

அறுவதற்கென அமைந்த கயிறு

இம்முரண் இன்றும் முற்றாகத் தீர்ந்ததன்று. பாரம் தாங்கும் நிலையிலேயே திறக்கவல்ல கொளுக்கிகள் பிற்காலத்திற் கப்பல்களிற் பொருத்தப்பட்டன. விரைந்து விடுவித்தலே அவற்றின் நோக்கம். ஆனால் பயிற்சியின்போது அவை வேண்டாக் கணத்திற் திறந்து, படகு உயரத்திலிருந்து வீழ்ந்து மாலுமிகள் மாண்ட நிகழ்ச்சிகள் பலவாயின. ஆதலின் அத்தகைய கொளுக்கிகளை மீளாய்வு செய்து, தகுதியற்றவற்றை மாற்ற வேண்டுமெனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011இல் விதித்தது. 19ஆம் நூற்றாண்டில் விடுபடாமை உயிர்களைக் கொன்றது. பின்னர் விடுபடலே கொன்றது.

காற்றடைத்த உயிர்காப்பு மிதவைகளிற் கையாளப்படும் தீர்வு சிந்தனைக்கு விருந்தாகும். கப்பல் அமிழும்போது, 4 மீற்றருக்கு மேற்படாத ஆழத்தில் நீரின் அழுத்தமே கட்டை விடுவிக்கின்றது. மிதவை மேலெழ, அதனைக் கப்பலுடன் பிணைக்கும் கயிறு இழுபட்டு மிதவையை விரியச் செய்கின்றது. அதன் பின்னர் அக்கயிற்றின் நலிந்த இணைப்பு அறுந்துவிடும். அறுவதற்கென்றே திட்டமிட்டு அமைத்த பிணைப்பு அஃது. அது அறாவிடின் மிதவையும் கப்பலுடன் ஆழத்திற்கு இழுபடும்.

உல்லாசப் படகின் நீராடு மேடையிற் தன் சிறுபடகைக் கட்டுபவனும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவன் அல்லன். கயிற்றிற் கட்டி இழுத்தால், தளர்ந்த கயிறு சுழலியிற் சிக்கக்கூடும். மேடையில் ஏற்றினால், பின்னிருந்து வரும் அலை நேரே அதனைத் தாக்கும். ஆகவே இருபுறமும் பட்டிகளால் அசையாது கட்டவேண்டும். ஆனால் கடலில் வீழ்ந்த ஒருவன் மீள ஏறுவதற்குரிய ஏணியும் பெரும்பாலும் அம்மேடையிலேயே உள்ளது. படகை இறுகக் கட்டியவன், அவ்வேணியை அடைத்துவிட்டதை அறியாதிருக்கலாம்.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். சிறுபடகு பற்றிய விதிகளுட் பல, ஒவ்வொரு விபத்திற்குப் பின்னரே பிறந்தன. கட்டும் கைக்கு அமைதியான துறைமுகத்தில் நேரம் உண்டு. அவிழ்க்கும் கைக்கு இருளும் தீயும் சாய்ந்த தளமுமே உண்டு. எனவே முடிச்சிடுபவன் தன் வசதியை நோக்காது, அதனை அவிழ்க்கப் போகின்றவனின் நிலையை எண்ணி முடிச்சிடல் வேண்டும். இரும்புத் தாங்கிகளிற் சிக்கிய அமேசனின் படகுகளும், பூச்சில் இறுகிய பேக்கன்ஹெட்டின் பொறிகளும் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவேயாகும்.