பாட்டுப் பூசை

திருப்பதி, சித்தூர்ப் பக்கம் பூசை என்றால் மனம் முதலில் மலைக்குத்தான் போகும். அதே சொல்லைக் கத்தோலிக்கரும் தங்கள் வழிபாட்டுக்கு நானூறு ஆண்டுகளாகப் புழங்குகிறார்கள். அதற்கு முன் போர்த்துகீசியர் வாயிலாக வந்த 'மிஸ்ஸா', தமிழ்க் காதில் 'மீசை' என்று விழுந்தது. சாமியார் மீசை வைக்கிறார் என்றால் கேட்பவன் சிரிக்காமல் என்ன செய்வான்? 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி அதைப் பூசையாக்கினார். வடமொழியில் வழங்கும் பூஜா என்பதற்கே 'பூ', 'பூசு' என்று திராவிட வேர் தேடியவர்கள் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நோபிலியின் வழியில் காவி உடுத்திய பிரெஞ்சு இயேசு சபையார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்தூர்ச் சீமையின் புங்கனூரில் தளம் அமைத்தனர். பூசை பாடினாலும் படித்தாலும் அன்று லத்தீன்தான்.

படிக்கும் பூசை, பாடும் பூசை என்று இரண்டு வகை இருந்ததால்தான் 'பாட்டுப் பூசை' என்று தனிப் பெயர் வேண்டியிருந்தது. இதில் பாட்டு என்பது இடையிடையே பாடும் பாட்டன்று, பூசையே பாட்டு. குருவும் பாடுவார், பாடகர் குழுவும் பாடும். அந்த இசைக்குக் கிரகோரியன் என்று பெயர். 604இல் இறந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் பெயரைத் தாங்கியிருந்தாலும், இன்று நாம் அறியும் மெட்டுகள் உருப்பெற்றது பிராங்கியர் நாட்டில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில்.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நான்கே கோடுகள், அவற்றின்மேல் சதுரப் புள்ளிகள். தாளக்கட்டு கிடையாது, சொல்லின் ஓட்டமே நடை. 'கிரியே' (ஆண்டவரே) என்ற சொல்லின் கடைசி உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு குரல் பல சுரங்கள் ஏறி இறங்கும். நம் ஆலாபனை போல் இருக்கும், ஆனால் கற்பனைக்கு இடமில்லை; ஒவ்வொரு சுரமும் எழுதி வைத்தது. அந்தச் சொல்லும் லத்தீன் அல்ல, கிரேக்கம்!

1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் இந்த இசைக்குப் புத்துயிர் கொடுத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு இசையில் முதலிடம் இதற்கே என்று தன் ஏட்டில் எழுதியது. அதே ஏட்டில் தாய்மொழிக்கும் கதவைத் திறந்தது. மக்கள் கதவு வழியே போய்விட்டார்கள். அதில் தவறில்லை, வழிபாடு புரிந்தது. ஆனால் பாட்டுப் பூசை போய், பூசையில் பாட்டு வந்தது. வருகைக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, நற்கருணை வாங்கும்போது ஒன்று. எல்லாப் பூசையிலும் பாட்டு என்றான பிறகு அந்தத் தனிப் பெயருக்கு என்ன வேலை?

தமிழில் பூசையும் ஏட்டிலிருந்து இறங்கித் 'திருப்பலி'க்கு இடம் விட்டது. பெரியவர்கள் பேச்சில் மட்டும் "பூசைக்கு நேரமாச்சு". எல்லை தாண்டிய தெலுங்கிலோ ஏட்டுப் பெயரே இன்றும் 'திவ்யபலிபூஜ'.