கச்சான் என்றொரு காற்று

கற்பிட்டிக் களப்பில் காற்றுப் பட்டத்தைப் பிடித்தபடி நீர்மேல் சறுக்கும் வெளிநாட்டவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குத் துணை நின்ற எமது ஊர் இளைஞனிடம், "தம்பி, இது கச்சான்தானே?" என்று கேட்டேன். அவன் என் கையைப் பார்த்தான். வறுத்த கச்சான் கொட்டை எதுவும் அதில் இல்லை.

"காற்றைக் கேட்கிறேன்" என்றேன்.

"இது வின்ட் சீசன், நானா" என்று சிரித்தான்.

என் உம்மாவின் வாப்பா தோணிக்காரர். அவருக்கு வெறும் காற்று என்று ஒன்று இருந்ததில்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். பெயரைச் சொன்னாலே பாயை எப்படிக் கட்டுவது, கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் விளங்கிவிடும்.

அரபுக் கடலோடிகளும் இக்காற்றுகளை நம்பித்தான் இக்கரைக்கு வந்தார்கள். எமது 'சுக்கான்' அவர்களது சொல். 'மாலுமி'யும் அப்படியே; கற்பிப்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்பதே அதன் மூலம். 1344இல் மாலைதீவிலிருந்து மஅபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலில் தேர்ந்த மாலுமி இருக்கவில்லை. மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, அவர் இலங்கையில் வந்து சேர்ந்தார். அவர் இறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அரபிகள் எமது தீவை 'ஸரந்தீப்' என்றனர். அப்பெயர் இடம்பெற்ற ஒரு பாரசீகக் கதையை நினைவிற்கொண்டு, 1754 ஜனவரி 28இல் எழுதிய கடிதமொன்றில் ஹொரேஸ் வால்போல் 'செரண்டிபிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைப் படைத்தார். தேடாத நன்மையொன்று தற்செயலாக எதிர்ப்படுவதை அது குறிக்கும். நெடுங்காலம் அறிந்தோர் சிலரே. இருபதாம் நூற்றாண்டில்தான் எழுத்தாளரும் விஞ்ஞானிகளும் அதை எடுத்து வழங்கினர்; இன்று உலகமே சொல்கிறது. வழக்கில் அருகிய சொல்லும் எடுத்தாள ஆளிருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு எமது தீவின் பெயரே சான்று.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் எமது மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தனர். அவர்களது குடியிருப்பொன்றில் மன்னார்க் கரைப் பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்து, "சோழகம் எழும்பிட்டுது" என்றார். உம்மாவின் வாப்பா பேசியது போலிருந்தது. வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் இழந்து வந்தவரிடம் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அவரும் இன்று இல்லை.

களப்பில் நின்ற இளைஞனுக்கு நான்கு பெயர்களையும் சொன்னேன். அவன் தன் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டு, "சோழகத்துக்கு எந்த 'ழ', நானா?" என்று கேட்டான்.