காட்டு வான்கோழியும் 11 சதவீத வரியும்

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் அக்கா மகன் ஏப்ரல் கடைசியில் போன் செய்தான். "மாமா, கூட வேலை பாக்குறவரோட வேட்டைக்குப் போனேன். காட்டு வான்கோழி கிடைச்சுது. அம்மாதான் இப்ப கறி வெட்டிக்கிட்டு இருக்காங்க!"

இங்கே நாக்பூரில் பக்கத்தில் இருந்து கேட்ட என் மகளுக்குக் கோபம். "அழிஞ்சுபோற பறவையைச் சுடலாமாப்பா?" நியாயமான கேள்விதான். பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாறு தெரிந்தது.

ஒரு காலத்தில் அது உண்மையிலேயே அழியப் பார்த்த பறவை. காட்டை வெட்டினார்கள், சந்தையில் விற்கக் கணக்கில்லாமல் சுட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த வரியை (இன்று அது 11 சதவீதம்) வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கினார்கள். திட்டச் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். மீதியை மாநிலம் போட வேண்டும். வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் இந்தப் பணம் கிடைக்காது. பேங்க்காரனான எனக்குப் பிடித்தது இந்தப் பூட்டுதான்!

முதலில் பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். அவை பிழைக்கவில்லை. 1950-களில் காட்டுப் பறவைகளையே பெரிய வலையை வெடித்து வீசிப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின. மிசௌரியில் 1960-ல் மறுபடி வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க சுமார் 60 லட்சம் இருக்கும் என்கிறார்கள். வசந்தகால வேட்டை பெரும்பாலும் சேவலுக்கு மட்டும்தான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் இனத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டை போலக் குரல் கொடுத்து வரவழைக்க வேண்டுமாம்.

அக்கா நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து வறுத்தாளாம். ஓடித் திரிந்த கால், நார் நாராக இருக்கும். அதை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் குக்கரில் நிறைய விசில் விட்டாளாம். "ரவை இருக்கும், பாத்துக் கடிங்கடா" என்று ஒவ்வொருவர் தட்டிலும் சொல்லிச் சொல்லிப் போட்டாளாம். கௌதாரிக்குக் கண்ணி வைத்த எங்கள் தாத்தாவின் பேத்தி அல்லவா!

நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தம் வேட்டையை அநேகமாக முழுதாக மூடிவிட்டது. அவர்கள் கணக்குப் போட்டுத் திறந்தார்கள், நாம் கதவைச் சாத்தினோம். நம் ஜனத்தொகைக்கு நம் வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மகளிடம் எல்லாம் சொன்னேன். "கணக்கு சரிப்பா, ஆனா நான் சாப்பிட மாட்டேன்" என்றாள். அதுவும் சரிதான்.