கூண்டில் நின்றவர்கள் கேட்ட கேள்வி

டிரினிடாட்டிலிருந்து பிழைக்க வந்த ஃபிராங்க் கிரிச்லோ, 1968-ல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் 'மாங்ரோவ்' என்ற உணவகத்தைத் திறந்தார். கரீபியன் சாப்பாட்டுக்காகக் கூடிய கறுப்பின மக்கள், வேலை, வாடகை வீடு, போலீஸ் தொல்லை என்று அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். போலீஸின் கண்ணை அது உறுத்தியது. 1969 ஜனவரி முதல் 1970 ஜூலை வரை 12 முறை சோதனை நடத்தினார்கள். போதைப்பொருள் இருப்பதாகச் சொல்லித்தான் வந்தார்கள். ஒருமுறைகூட எதுவும் சிக்கவில்லை.

இதை இனப் பாகுபாடு என்று முறையிடச் சட்டத்தில் வழியில்லை. 1968-ன் இன உறவுகள் சட்டம் வேலையிலும் வீட்டு வசதியிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. போலீஸின் காவல் பணியை அது தொடவே இல்லை.

1970 ஆகஸ்ட் 9. இந்தச் சோதனைகளைக் கண்டித்துச் சுமார் 150 பேர் அந்த வட்டாரக் காவல் நிலையங்களை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். அவர்களைவிட அதிக போலீஸார் தெருவில் நின்றார்கள். மோதல் வெடித்தது. கலவரத்தைத் தூண்டியதாக ஊர்வலத்தினர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தார். அரசுத் தரப்பு விடவில்லை. அதே குற்றச்சாட்டோடு ஒன்பது பேரை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தியது.

1971 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. ஒன்பது பேரில், சட்டம் படித்த டார்கஸ் ஹவும், உயிர்வேதியியல் ஆய்வு மாணவி அல்தியா ஜோன்ஸ் லெக்வாண்டும் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாங்களே வாதாடினார்கள். 'சமமானவர்களின் தீர்ப்பு' என்ற, பழைய ஆங்கில உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா தரும் உரிமையைக் காட்டி, ஜூரர்கள் அனைவரும் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நீதிபதி எட்வர்ட் கிளார்க் மறுத்தார். ஆனால், ஜூரர்களை நிராகரிக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு 63 பேரை நிராகரித்தது. கடைசியில் அமர்ந்த 12 பேரில் இருவர் கறுப்பினத்தவர்.

போலீஸ் வேனுக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்ததாகப் போலீஸார் சாட்சி சொன்னார்கள். அந்த வேனில் இருந்ததோ சின்னஞ்சிறு திறப்பு. அதன் அளவைக் கோர்ட்டுக்கு விளக்கிய ஹவ், ஒரே நேரத்தில் பலர் அதன் வழியே பார்த்திருக்க முடியாது என்று நிறுவினார். சாட்சியம் ஆட்டம் கண்டது.

55 நாள் விசாரணை. டிசம்பரில் தீர்ப்பு. கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. ஐந்து பேர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை. சிறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட மற்ற நால்வரும் சிறைக்குப் போகவில்லை. இரு தரப்பிலும் இனவெறுப்பு இருந்ததற்கு ஆதாரம் இருப்பதாக நீதிபதி சொன்னார். லண்டன் போலீஸிடம் இனவெறுப்பு உண்டு என்பதை ஒரு பிரிட்டிஷ் நீதிபதி ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. அதைத் திரும்பப் பெறவைக்கக் காவல்துறை முயன்றது, பலிக்கவில்லை.

இந்த ஒன்பது பேரையும் சட்டத்தின் எதிரிகளாக நிறுத்தியது அரசு. உண்மையில் சட்டம் எழுத்தில் தந்த வாக்குறுதியைக் கோர்ட்டுக்குள்ளேயே கேட்டு வாங்கியவர்கள் இவர்கள்தான். ஆனாலும், போலீஸின் பணியை இன உறவுகள் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் திருத்தம் நிறைவேறியது 2000-ல்தான்.

(தொடரும்)