வரைபடம் இல்லாமல் கட்டிய கப்பல்: வாசா, 1628

ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டுக்கு வருகிற விருந்தாளியை முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது ஒரு கப்பலை. பெயர் வாசா. அந்தக் கப்பல் தன் வாழ்நாளில் பயணம் செய்த மொத்த தூரம் சுமார் 1300 மீட்டர். நம் ஹாஸ்டலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வராது. 1628 ஆகஸ்டு 10-ம் தேதி கிளம்பியது, அன்றைக்கே மூழ்கியது, அவ்வளவுதான் அதன் சரித்திரம் என்று தோன்றும். ஆனால் அதற்குப் பிறகுதான் மேட்டரே ஆரம்பம்.

நான் இப்போது அந்தக் கப்பலின் மர மாடலை ஒரு கிட்டிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வந்த படிப்பு, அதனால் வந்த கட்டுரை.

முதலில் கிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவோமே, அது மாதிரி இல்லை. பெட்டியைத் திறந்தால் கப்பல் மாதிரி எதுவுமே தெரியாது. வெட்டுக்கோடு போட்ட ப்ளைவுட் தகடுகள், ஒரு கட்டு மெல்லிய மரக் குச்சிகள், நூல் உருண்டைகள், உலோகத்தில் வார்த்த குட்டிச் சிற்பங்கள், பட்டன் அளவுக்கு மூன்று ஓட்டை போட்ட வட்டக் கட்டைகள், அப்புறம் பாய் விரிக்கிற சைஸில் பிளான் தாள்கள். என்னுடையது 1:75 அளவு. உண்மையான வாசா மூக்குக் கட்டையோடு சேர்த்து 69 மீட்டர் நீளம், பாய்மர உச்சி வரை சுமார் 52 மீட்டர் உயரம். மாடலில் அது 92 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் உயரமும் ஆகிறது. மேஜை முழுக்க அதுதான். ரூம்மேட் படிப்பது கட்டிலில் :-)

வேலை இப்படிப் போகும். முதலில் ஏராக்கட்டை, அதாவது அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளக் கட்டை. அதில் குறுக்கே ப்ளைவுட் தடுப்புகளை வரிசையாகச் செருகினால் மீன் முள் மாதிரி ஒரு உருவம் கிடைக்கும். பிறகு அதன் மேல் பலகை அடிப்பது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, முன்பக்க வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, நுனியைச் சீவி, ஃபெவிகால் தடவி, குண்டூசி குத்தி நிறுத்த வேண்டும். இடது பக்கம் ஒன்று அடித்தால் உடனே வலது பக்கம் ஒன்று அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் ஏராக்கட்டை முறுக்கிக்கொள்ளும். முழுதும் மூடியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் இன்னொரு அடுக்கு. வெளியே தெரிவது இந்த இரண்டாவது அடுக்குதான். மாதக்கணக்கில் ஆகும்.

இதையெல்லாம் செய்யும்போது கையில் பிளான் இருக்கிறது. ஒவ்வொரு தடுப்பும் எந்த வளைவு, எந்த உயரம் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நிஜ வாசாவைக் கட்டியவரிடம் இது எதுவுமே இல்லை.

அவர் பெயர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன். டச்சுக்காரர். ஸ்டாக்ஹோம் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைத் தச்சர். 1625 ஜனவரியில் அவரும் அவருடைய பங்காளி அரெண்ட் டி க்ரூட்டும் அரசர் குஸ்டாவ் அடால்ஃபுடன் ஒப்பந்தம் போட்டார்கள்: இரண்டு பெரிய கப்பல், இரண்டு சிறிய கப்பல். அரசர் அப்போது போலந்தோடு போரில் இருந்தார். டென்மார்க்கும் பக்கத்திலேயே இருக்கும் பழைய எதிரி. (நம் தரங்கம்பாடியில் 1620-ல் கோட்டை கட்ட ஆரம்பித்த அதே டென்மார்க்தான். வடக்கே பால்டிக் கடலில் சண்டை, தெற்கே தஞ்சை நாயக்கரோடு மிளகு வியாபாரம். என்ன காலமோ!)

டச்சு முறையில் கப்பல் கட்டுவதற்கு வரைபடம் தேவையில்லை. நீளம், அகலம், ஆழம் என்று சில முக்கிய அளவுகளை எழுதிக்கொள்வார்கள். மற்ற விகிதங்கள் எல்லாம் தச்சருடைய மூளையில் இருக்கும். ஏராக்கட்டையைப் போட்டு, அதன் இரு பக்கமும் அடிப்பலகைகளைத் தற்காலிகக் கட்டைகளால் சேர்த்துப் பிடித்து, அடிப்பாகத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தே உருவாக்குவார்கள். அதன் பிறகுதான் உள்ளே வங்குக்கால்களை, அதாவது விலா எலும்புகளைப் பொருத்துவார்கள். முதலில் தோல், அப்புறம் எலும்பு. நான் கட்டுவது முதலில் எலும்பு, அப்புறம் தோல். அதாவது வாசா மாடல் கட்டுகிறவர்கள் அந்தக் கப்பலை ஹிபெர்ட்சன் ஒருபோதும் கட்டியிருக்காத வரிசையில் கட்டுகிறோம். அந்தத் தற்காலிகக் கட்டைகளை அறைந்து பிடுங்கிய ஆணித் துளைகளை மரமுளை வைத்து அடைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் போய்ப் பார்த்தால் அடிப்பலகையில் தெரியும்.

மூளையில் இருக்கும் கப்பலில் ஒரு சிக்கல். மூளைக்குச் சொந்தக்காரர் இறந்துபோனால்? ஹிபெர்ட்சன் நோயில் படுத்து 1627 வசந்தத்தில் இறந்துவிட்டார். கப்பல் அரைகுறையாக நின்றது. அவருடைய மனைவி மார்கரேத்தா நில்ஸ்டோட்டர் ஒப்பந்தத்தையும் தளத்தையும் நிர்வகித்தார். 17-ம் நூற்றாண்டில் ஒரு பெண் நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்யும் கப்பல் தளத்தை நடத்தியிருக்கிறார் என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. மர வேலையை உதவியாளர் ஹைன் யாகோப்சன் தொடர்ந்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பலுக்குள்ளிருந்து தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்திருக்கின்றன. இரண்டு ஸ்வீடன் அடிக்கோல். ஒரு அடிக்கு 12 அங்குலம். இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல். ஒரு அடிக்கு 11 அங்குலம், அடியின் நீளமும் வேறு. தளத்தில் ஸ்வீடன்காரர்களும் டச்சுக்காரர்களும் கலந்து வேலை செய்தார்கள். மேஸ்திரி "இருபது அடி" என்று சொன்னால் யாருடைய இருபது அடி? கப்பலை அளந்து பார்த்த அருங்காட்சியக ஆராய்ச்சியாளர் ஃப்ரெட் ஹாக்கரும் அவருடைய குழுவும் சொல்வது, வாசா இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, இடது பக்கம் கனம் அதிகம் என்று. என் கிட்டில் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அச்சாக ஒன்றே. அந்த வகையில் அது சுத்தமான கப்பல், ஆனால் வாசா இல்லை.

இப்போது ஏன் மூழ்கியது என்பதற்கு வருவோம். மேனேஜ்மென்ட் புத்தகங்களில் இந்தக் கதை ஒரு பாடமாகவே இருக்கிறது: அரசர் நடுவில் புகுந்து "இன்னொரு பீரங்கித் தளம் போடு" என்று சொல்லிவிட்டார், பாவம் தச்சர் என்ன செய்வார், கப்பல் கவிழ்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் கப்பல் அப்படிச் சொல்லவில்லை. அளவெடுத்ததில் தொடக்கத்திலிருந்தே அது இரண்டு பீரங்கித் தளத்துக்காகவே கட்டப்பட்டது என்று தெரிகிறது. பீரங்கிகளின் எண்ணிக்கையையும் அளவையும் அரசர் பலமுறை மாற்றினார் என்பது உண்மை. கடைசியில் 64 பீரங்கிகள் ஏறின. ஆனால் அவற்றின் மொத்த எடை அறுபது சொச்சம் டன்தான். கப்பலின் மொத்த எடை சுமார் 1200 டன். ஐந்து சதவீதம் சொச்சம். அந்த அளவுக் கப்பலுக்கு இது பெரிய சுமையே இல்லை.

குற்றம் மரத்தில் இருக்கிறது. தளங்களைத் தாங்கும் உத்தரங்கள் தேவைக்கு மேல் தடிமன், தேவைக்கு மேல் நெருக்கம். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே உயரமும் அதிகம். அந்தக் காலத்து மாலுமியின் சராசரி உயரம் 1.67 மீட்டர், அவருக்கு அவ்வளவு உயரக் கூரை எதற்கு? இப்படி நீர்மட்டத்துக்கு மேலே மரம் குவிந்துவிட்டது. கீழே பேலஸ்ட் என்கிற அடிபாரம், கல்லாகத்தான் போட்டிருந்தார்கள், சுமார் 120 டன். இன்னும் போட்டிருக்கலாமே என்றால், போட்டால் கப்பல் மேலும் அமிழ்ந்து கீழ்த் தளத்துப் பீரங்கி ஜன்னல் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஒரு எக்ஸ்பெரிமென்ட் நினைவிருக்கிறதா? தொட்டியில் ஒரு குட்டிப் படகை மிதக்கவிட்டு, எடையை நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி, சாயும் கோணத்தை அளந்து மெட்டாசென்ட்ரிக் ஹைட் கண்டுபிடிப்போம். அந்த மெட்டாசென்டர் என்ற கருத்தைப் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர் புத்தகமாக எழுதியது 1746-ல். வாசா மூழ்கி 118 வருடம் கழித்து. ஆக ஹிபெர்ட்சன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வழியே இல்லை.

ஆனால் எக்ஸ்பெரிமென்ட் நடந்தது! அதுதான் இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத இடம். கப்பல் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன் கேப்டன் சோஃப்ரிங் ஹான்சன், துணை அட்மிரல் க்ளாஸ் ஃபிளெமிங்குக்குக் காட்டுவதற்காக 30 ஆட்களை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடச் சொன்னார். நாம் நகர்த்தும் எடைக்கட்டிக்குப் பதில் மனிதர்கள். மூன்று முறை ஓடியதும் கப்பல் பயங்கரமாக ஆட, அங்கேயே கவிழ்ந்துவிடும் என்று ஃபிளெமிங் நிறுத்தச் சொல்லிவிட்டார். ரிசல்ட் கிடைத்துவிட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை. அரசர் போர்க்களத்தில் இருந்தார், அங்கிருந்து "சீக்கிரம் அனுப்பு" என்று கடிதம் மேல் கடிதம்.

ஆகஸ்டு 10, ஞாயிற்றுக்கிழமை. அரண்மனைக்குக் கீழே கரை முழுக்கக் கூட்டம். கப்பலில் சுமார் 150 பேர். முதல் பயணம் என்பதால் மாலுமிகளின் குடும்பத்தாரும் கொஞ்சம் பேர். 300 சிப்பாய்கள் பிறகு வழியில் ஏறுவதாக இருந்தது, பிழைத்தார்கள். பத்துப் பாய்களில் நான்கைத்தான் விரித்தார்கள். மரியாதைக் குண்டு போடுவதற்காகப் பீரங்கி ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒரு காற்று வந்தது, சாய்ந்து நிமிர்ந்தது. இன்னொரு காற்று வந்தது, இடது பக்கம் சாய்ந்தது, கீழ் ஜன்னல் வழியாகத் தண்ணீர் புகுந்தது. கரையிலிருந்து 120 மீட்டர்தான் இருக்கும், 32 மீட்டர் ஆழத்துக்குப் போனது. சுமார் 30 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் கேப்டன் பீரங்கிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன, ஆட்கள் யாரும் குடித்திருக்கவில்லை என்று சத்தியம் செய்தார். யாகோப்சன் அரசர் ஒப்புக்கொண்ட அளவில்தான் கட்டினேன் என்றார். டி க்ரூட்டிடம் பின் ஏன் கவிழ்ந்தது என்று கேட்டதற்கு, அது கடவுளுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி பதில். அந்தப் பக்கம் போனால் அரசர், இந்தப் பக்கம் போனால் இறந்துபோனவர். யாரையும் தண்டிக்காமல் மூடிவிட்டார்கள்.

1660-களில் பெரும்பாலான பீரங்கிகளை மணி வடிவக் கூண்டுக்குள் உட்கார்ந்து மூழ்கி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மறந்துபோயிற்று. 1956-ல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சென் என்பவர் படகிலிருந்து கயிற்றில் ஒரு கருவியை இறக்கி இறக்கி, ஒருநாள் கறுத்த ஓக் மரத் துண்டைக் கொண்டுவந்தார். பால்டிக் கடலில் உப்புக் குறைவு, அதனால் மரத்தைத் தின்னும் கப்பல்புழு அங்கே வாழாது. டைவர்கள் இருட்டில் கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கம் தோண்டி இரும்புக் கயிறு நுழைத்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் வெளியே வந்தது. இன்று நிற்பதில் 95 சதவீதத்துக்கும் மேல் அசல் மரம். அதை அளந்து அளந்துதான் பிளான் வரைந்தார்கள். ஆக, வாசாவுக்கு முதல் முழு வரைபடம் கிடைத்தது அது மூழ்கி 330 வருடத்துக்கும் மேல் கழித்து!

கிட்டுக்குத் திரும்புகிறேன். என்னுடையது பழைய கிட். அதன் பெட்டிப் படத்தில் பின்பக்கம் முழுக்க நீலப் பின்னணியில் தங்கச் சிற்பங்கள். வெளியே வந்த கப்பலில் சாயம் ஏறக்குறைய போய்விட்டது, அதனால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 1990-களில் மரத்தில் ஒட்டியிருந்த சாயத் துணுக்குகளை ஆராய்ந்ததில் பின்னணி சிவப்பு, சிற்பங்கள் பல வண்ணத்தில் என்று தெரிந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் 1:10 மாடல் அந்த வண்ணத்தில்தான் இருக்கிறது. நம் கோயில் கோபுரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் அதிர்ச்சி இல்லை. நானும் சிவப்பே அடிக்கப் போகிறேன். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளில் ஆண் என்று நினைத்து ஆணின் பெயர் வைத்திருந்த ஒன்று, டி.என்.ஏ. பரிசோதனையில் பெண் என்று 2023-ல் தெரிந்தது. அடுத்த கிட்டில் என்ன மாறுமோ.

கடைசியாக யாகோப்சன். ஒப்பந்தத்தில் இரண்டு பெரிய கப்பல் என்று சொன்னேனே, இரண்டாவதின் பெயர் எப்ளெட், ஸ்வீடன் மொழியில் ஆப்பிள். அதையும் அவர்தான் கட்டினார். வாசாவைவிட அகலத்தைக் கூட்டினார். 1629-ல் தண்ணீரில் இறங்கி, முப்பது வருடம் போல இருந்தது. பிறகு எதிரிக் கப்பல்கள் வரும் வழியை அடைப்பதற்காக 1659-ல் வாக்ஸ்ஹோம் பக்கத்தில் அவர்களே மூழ்கடித்தார்கள். கடலடியில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். அதை மேலே தூக்கவில்லை, அங்கேயே கிடக்கிறது.