நடுவில் மாறிய விதி



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள வரும்போது, நான் தவறாமல் சொல்லும் வரலாறு இது.

2002 ஜனவரியில் பிரிட்டன், உயர்திறன் குடியேறிகள் திட்டத்தைத் தொடங்கியது. கையில் வேலை இல்லாமலே போகலாம். படிப்பு, அனுபவம், வருமானம் பார்த்து மதிப்பெண். ஆனால் பிரிட்டனையே முதன்மை வீடாகக் கொள்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனார்கள். நான்காண்டு கழிந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். திட்டம் திருத்தப்பட்டாலும் ஏற்கெனவே வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று அரசின் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருந்தது.

2006 ஏப்ரலில் நான்கு, ஐந்தானது. நவம்பரில் அனுபவத்துக்கான மதிப்பெண்ணே போயிற்று. புதியவர்களுக்கு மட்டும் என்றால் குறை சொல்ல முடியாது. அங்கே குடியிருந்தவர்களும் விசா நீட்டிக்க இதில் தேற வேண்டுமாம்! பாதித் தேர்வில் வினாத்தாளை மாற்றுகிற கதை. (வாத்தியாருக்கு வேறு என்ன உவமை வரும்?)

அவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்தக் குறிப்பைத்தான் கையில் பிடித்தார்கள். 2008 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம், பழையவர்களுக்குப் பழைய விதியே என்றது. மறு ஆண்டு, நான்காண்டுக் கணக்கிலும் வென்றார்கள். அதற்குள் சிலர் மூட்டை கட்டிக் கிளம்பியிருந்தார்கள்.