வாசல் கடன்: பழைய கணக்கைக் கேட்டுப் பெறுதல்

வீட்டு வாசலிலோ தெருக்கோடியிலோ வந்து தவணை வாங்கும் கடன்களில், கடன் அடைந்தபின் எழுத்தெல்லாம் கொடுத்தவர் கையிலேயே தங்கிவிடுவது வழக்கம். வாங்கிய தொகை, முன்கூட்டிப் பிடித்த பணம், வட்டி, காப்பீட்டுத் தொகை, ஒவ்வொரு தவணையும் கட்டிய தேதி, கணக்கு முடிந்த நாள் ஆகியவற்றைப் பின்னாளில் கடன் பெற்றவர் எழுதிக் கேட்டு வாங்குவதே இங்கு சொல்லப்படுகிறது. கேட்பது சலுகை அல்ல. சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில் உள்ள அபிராமம் பேரூராட்சியைச் சுற்றிலும் கண்மாயையும் மானாவாரியையும் நம்பிய ஊர்கள். நெல், மிளகாய், பருத்தி என்று வெள்ளாமை வீடு வந்தால்தான் கையில் காசு. மழை பொய்த்த வருஷம் சீமைக்கருவேல் வெட்டும் கரிமூட்டமும் கைகொடுக்கும். வருமானம் பருவத்துக்கு ஒருமுறை வருகிறது, தவணையோ வாரந்தோறும் வந்துவிடுகிறது. இந்த இடைவெளியை ஒரு கடனை வாங்கி இன்னொன்றைக் கட்டி நிரப்பும் வீட்டில், நான்கைந்து வருஷத்துக்கு முந்தைய கணக்கை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. தாள் இருந்தால்தான் உண்டு.

வாசல் கடனில் பழையது தண்டல். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, அன்றாடம் வசூலிப்பார்கள். கணக்கு ஒரு சிறு அட்டையிலோ தண்டல்காரரின் நோட்டிலோ இருக்கும். தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. உரிமம் பெற்று வட்டித்தொழில் செய்பவரை 1957ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கணக்குப் புத்தகம் வைப்பதும், வாங்கிய பணத்துக்கு ரசீது தருவதும் அவர் கடமை.

தனியாரிடம் வாங்கும் கடனில் உயிர்நாடி புரோநோட்டு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 81ஆவது பிரிவில், கடனாளிக்கு இரண்டு உரிமைகளைத் தருகிறது: பணம் கட்டுமுன் பத்திரத்தைக் காட்டச் சொல்லலாம், கட்டி முடித்ததும் அதைத் திரும்பப் பெறலாம். தொலைந்துபோயிற்று என்று கடன் கொடுத்தவர் சொன்னால், அதைக் காட்டி இனி எவரும் பணம் கேட்டால் தானே பொறுப்பு என்று அவர் ஈடு தர வேண்டும். இதை அறியாமல், “நோட்டு வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, அப்புறம் தருகிறேன்” என்ற வார்த்தையை நம்பித் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டின் மீது வழக்குப் போட 3 ஆண்டு கெடு உண்டு. பின்பக்கத்தில் ஒரு சிறு தொகையை வரவு வைத்துக் கடனாளி கையெழுத்திட்டால் கெடு புதிதாகத் தொடங்கிவிடும். வெற்று நோட்டில் போட்ட கையெழுத்தும் ஆபத்துதான், பின்னர் நிரப்பிக்கொள்ள மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆகவே கணக்கைக் கேட்கும்போது நோட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்று கிராமங்களில் வாசல் கடன் என்றால் பெரும்பாலும் பெண்களின் குழுக்கடன். இதற்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றித் தரும் கடன் அதில் அடங்கும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தந்தாக வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும், கடன் முடிந்ததும் அதில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். குறை கேட்கும் அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட அதில் இருக்க வேண்டும். அட்டையைக் குழுத் தலைவியிடமோ வசூலுக்கு வரும் ஊழியரிடமோ விட்டுவைப்பது பல ஊர்ப் பழக்கம். அது கடன் பெற்றவரின் சொத்து, அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பழைய கணக்கின் தேவை பெரும்பாலும் புதுக்கடன் மறுக்கப்படும்போதுதான் தெரிகிறது. அடைத்த கடன் நிலுவையாகவே நிற்கும், அல்லது வாங்காத கடன் பெயரில் ஏறியிருக்கும். சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் 2017 முதல் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முதலில் இதை வாங்கிப் பார்த்தால், எந்த நிறுவனத்திடம் எந்தக் கடனைப் பற்றிக் கேட்பது என்பது தெளிவாகும். தவறைத் திருத்தக் கேட்டு 30 நாளில் தீராவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் அமலானது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பெயர், பழைய முகவரி, அப்போதைய கைபேசி எண், கிளை, தெரிந்தால் கடன் எண் போதும். முழுத் தவணைக் கணக்கு, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், நிலுவையில்லாச் சான்று என்று வேண்டியதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். வசூலுக்கு வரும் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொன்னால் அது காற்றோடு போகும். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பினால் தேதி நிற்கும். பதில் இல்லாமல் 30 நாள் கடந்தாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 2021 நவம்பரில் வந்த இத்திட்டம் வங்கிகளுக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும், தண்டல்காரருக்குப் பொருந்தாது.

காலம் கடத்தக் கூடாது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி நிதி நிறுவனங்கள் பரிவர்த்தனைப் பதிவுகளை 5 ஆண்டு காத்தால் போதும். கடன் தகவல் நிறுவனங்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு.

இங்கிலாந்தில் வாசல் கடனின் பழைய கணக்கைக் கேட்பது பெரும் அலையாக எழுந்தது. பிராட்ஃபோர்டில் 1880இல் தொடங்கிய பிராவிடண்ட் நிறுவனம் வீடு வீடாகக் கடன் கொடுத்து வசூலித்தது. கட்ட முடியாதவர்களுக்கும் கொடுத்தது என்ற புகார்கள் குவிய, 2021இல் அந்தத் தொழிலையே மூடியது. அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு மாதத்துக்குள் பழைய பதிவுகளை இலவசமாகப் பெறலாம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமும் அத்தகைய உரிமையைச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

கடன் கொடுத்தவரிடம் தாளே இல்லை என்றாகிவிட்டால், கடன் தொகை வந்து விழுந்த வங்கிக் கணக்கின் பழைய அறிக்கை, குழுவின் வசூல் நோட்டு, கைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகள் இவற்றை வைத்துத் தவணை தவணையாகக் கணக்கை மீட்டெழுத வேண்டியிருக்கும். குழுவில் அன்று உடன் கட்டியவர்களின் அட்டைகளும் உதவும்; ஒரே நாளில் ஒரே தொகை வாங்கியவர்களின் தவணைத் தேதிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.